துவக்குக் கண்ணாடிக்கும் ஸனது கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோரும் உயர்வகுப்புப் பிள்ளைகளும் நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். பத்தாம் ஆண்டில் என்னிடம் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை ஒருவன் வந்து, "சேர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினான். ஒரு யூடியூப் காணொளி. இங்கிலாந்திலோ எங்கேயோ ஒருவர், துருப்பிடித்த பித்தளைக் குழாய் ஒன்றைத் திருகாணி திருகாணியாகக் கழற்றுகிறார். உள்ளே இருந்த வில்லைகளை எடுத்துக் கழுவித் துடைக்கிறார். குழாய்க்குப் புதுக் கறுப்பு மை பூசுகிறார். இருபது நிமிடத்தில் அந்தக் குப்பை கடையில் வாங்கிய சாமானைப் போலப் பளபளக்கிறது. அது இரண்டாம் உலகப் போரில் ஸ்னைப்பர் துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கி.

"இதில் வில்லைப் பாடம் முழுக்க இருக்கு சேர். இப்படி ஒன்றை ஒன்லைனில எடுத்துத் திருத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டான்.

"வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ஒரு சொல்லில் வாயை அடைப்பது வாத்தியார் வேலை அல்ல. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இந்தக் காணொளிகளைப் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் அது என்ன சாமான் என்று பார்ப்போம்.

எங்கள் மூத்தவர்கள் "த்ரீ நொட் த்ரீ" என்று சொல்லும் லீ என்ஃபீல்ட் துவக்கு பலருக்குத் தெரியும். பிரித்தானியப் படையின் சாதாரண சிப்பாயின் துவக்கு அது. இரண்டாம் உலகப் போரின்போது, தொழிற்சாலையில் செய்த அந்தத் துவக்குகளில் குறி பிசகாமல் சுடுபவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, லண்டனில் இருந்த ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் என்ற கம்பனிக்கு அனுப்பினார்கள். அது பணக்காரர்களுக்கு வேட்டைத் துவக்கு செய்து கொடுத்த பழைய கம்பனி. 1942 தொடக்கம் அவர்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட துவக்குகளை ஸ்னைப்பர் துவக்காக மாற்றினார்கள். துவக்கின் இடப் பக்கத்தில் இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றின் மேல் கையால் திருகும் இரண்டு பெரிய திருகாணிகளோடு ஒரு தாங்கி, அந்தத் தாங்கியில் "நம்பர் 32" என்ற தொலைநோக்கி. கன்னத்தை வைத்துக்கொள்வதற்கு மரக்கட்டை ஒன்றைத் துவக்கின் பிடியில் பூட்டினார்கள். இதற்கு நம்பர் 4 மார்க் 1 (டீ) என்று பெயர். கடைசியில் உள்ள "டீ" தொலைநோக்கியைக் குறிக்கும்.

அந்த நம்பர் 32 முதலில் ஸ்னைப்பருக்காகச் செய்யப்பட்டது அல்ல. பிரென் இயந்திரத் துவக்குக்காக வடிவமைத்தது. பிறகு இதற்கு மாற்றிக்கொண்டார்கள். பெரிதாக்கும் சக்தி மூன்று மடங்கு மட்டும். இன்று சின்னப் பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் பைனாகுலர் கூட அதைவிடப் பெரிதாகக் காட்டும். ஆனால் தாங்கியோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ எடை. துவக்கு அடித்து உதைக்கும் ஒவ்வொரு முறையும் அசையாமல் தாங்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் கனம். மேலே ஒரு வட்டத் திருகியில் ஆயிரம் யார் வரை தூரம் குறித்திருக்கும். முதலில் வந்த மார்க் 1 கண்ணாடியைச் சீர் செய்வதற்குத் தனிக் கருவியே தேவைப்பட்டது. போர் முடியும் கட்டத்தில் வந்த மார்க் 3 அந்தச் சிரமத்தைக் குறைத்தது.

இவையெல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் வரும். துவக்கு, தொலைநோக்கியை வைக்கும் தகரக் கூடு, தோல் வார், வில்லைகளை மூடும் தோல் மூடி, இவற்றோடு இன்னுமொரு நீட்டு தொலைநோக்கி. இந்தக் கடைசிச் சாமானுக்கு "ஸ்கவுட் ரெஜிமென்ட்" என்று பெயர். பித்தளையில் செய்து தோல் சுற்றியது, கப்பல் மாலுமி இழுத்து நீட்டிப் பார்ப்பதைப் போன்றது. இருபது மடங்கு பெரிதாக்கும். சுடுவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. ஸ்னைப்பர் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. கூடவே பார்ப்பவர் ஒருவர் இருப்பார். நாள் முழுக்க அசையாமல் கிடந்து, எதிரே நடப்பதைக் கொப்பியில் எழுதுவது அவருடைய வேலை.

இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆட்கள் சேகரிப்பது இந்தச் சின்னச் சின்னச் சாமான்களைத்தான். துவக்கு ஒருவரிடம் இருக்கும். அதன் கண்ணாடி இன்னொரு நாட்டில் ஏலத்துக்கு வரும். தகரக் கூடு எங்கோ ஒரு கராஜில் ஆணி போட்டு வைக்கக் கிடக்கும். இதையெல்லாம் தேடிச் சேர்த்து, திருத்தி, மீண்டும் ஒரு பெட்டிக்குள் வைப்பதற்குச் சிலர் ஆயுளில் பாதியைச் செலவழிக்கிறார்கள்.

"வேற வேலை இல்லாத ஆட்கள்" என்று சொல்லிவிடத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்யும் வேலையில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது, நமக்கு நன்றாகவே விளங்கக்கூடிய ஓர் ஒழுங்கும் இருக்கிறது.

விஞ்ஞானத்தை முதலில் சொல்கிறேன். இந்தக் கண்ணாடிகளின் முன் வில்லை ஒன்றாகத் தெரிந்தாலும் அது இரண்டு வில்லைகளை ஒட்டிச் செய்தது. ஒரே வகைக் கண்ணாடியால் செய்த வில்லை, நிறங்களை வேறு வேறு இடத்தில் குவிக்கும்; பொருளைச் சுற்றி வானவில் ஓரம் தெரியும். இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்தால் அந்தப் பிழை பெருமளவு நீங்கும். அந்தக் காலத்தில் அவற்றை ஒட்டிய பசை கனடா பால்சம். வட அமெரிக்க மரம் ஒன்றின் பிசின் அது. அதன் முறிவுச் சுட்டி கண்ணாடியின் முறிவுச் சுட்டிக்கு மிகவும் கிட்ட இருப்பதால், ஒளி ஒட்டின இடத்தைக் கவனிக்காமலே கடந்துவிடும். ஆனால் எண்பது வருடம் போனால் பிசின் மஞ்சளாகும், ஓரத்திலிருந்து விலகத் தொடங்கும். அதைத் திருத்துபவர் வில்லையை மெல்ல மெல்லச் சூடாக்கிப் பிரித்து, பழைய பிசினைக் கரைத்துத் துடைத்து, மையம் பிசகாமல் மறுபடி ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி வெடிக்கும். ஈரக் காற்றில் கிடந்த வில்லையில் பூஞ்சணமும் பிடிக்கும். அது வெளியிடும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். அதன் பிறகு எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது. எங்கள் ஊர்க் காற்றில் கெமராவைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்தது அந்த ஒழுங்கு. நம்பர் 32 கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் உண்டு. எந்தத் துவக்குக்கு எந்தக் கண்ணாடி என்று பொருத்திப் பார்த்த பிறகு, கண்ணாடியின் இலக்கத்தைத் துவக்கின் மரப்பிடியிலும், துவக்கின் இலக்கத்தைக் கண்ணாடியின் தாங்கியிலும் அடித்துவிடுவார்கள். மாற்றிய கம்பனியின் அடையாளமாக மரத்தின் அடியில் "எஸ் 51" என்ற குறி இருக்கும். போர் முடிந்து அகப்பட்ட மாதிரி விற்றதில் இந்தச் சோடிகளெல்லாம் பிரிந்துபோயின. ஆகவே சேகரிப்பவர் ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்பது, "இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது? இலக்கங்கள் பொருந்துகின்றனவா?" என்பதைத்தான்.

மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஸனதைக் கேட்கிறார்கள். இந்தச் செய்தியை உங்களுக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, இடையில் யாராவது விடுபட்டிருக்கிறாரா என்று ராவிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போன இமாம்களின் வழியில் வந்தவர்கள் நாம். வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸனது அறுந்திருந்தால் அதை அந்த இடத்தில்தான் வைப்போம். பழைய சாமானுக்கும் அதே சட்டம்தான். இன்று நம்பர் 32 கண்ணாடியைப் போலவே புதிதாகச் செய்து விற்கிறார்கள், தாங்கியையும் பெட்டியையும் செய்கிறார்கள், பழைய குறிகளைப் புது மரத்தில் அடிக்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பழையது என்று சொல்லி விற்றால் அது இட்டுக்கட்டியது.

இனி என் அபிப்பிராயத்துக்கு வருகிறேன். அந்தக் காணொளியில் எனக்குப் பிடிக்காதது அந்தப் பளபளப்பு.

பிசின் விலகிய வில்லையை ஒட்டுவது சரி. அது செய்யாவிட்டால் சாமான் அழியும். பூஞ்சணத்தைத் துடைப்பதும், ஓடும் துருவை நிறுத்துவதும், காய்ந்த தோலுக்குப் பாதுகாப்புச் செய்வதும் சரி. அங்கேயே கை நிற்க வேண்டும். பழைய மையைச் சுரண்டி எடுத்துப் புது மை பூசுவது, மரத்தை உரசி அதிலிருந்த பள்ளங்களையும் இலக்கங்களையும் மங்கச் செய்வது, கன்னக்கட்டையில் படிந்த வியர்வைக் கறையைக் கழுவி எடுப்பது, இவையெல்லாம் திருத்துவது அல்ல. சாட்சியின் வாயைப் பொத்துவது. அந்தக் கறை ஒரு மனிதனின் கன்னம் பட்ட இடம். அவன் யார், எங்கே கிடந்தான், எத்தனை நாள் கிடந்தான் என்று நமக்கு இனித் தெரியப்போவதில்லை. ஆனால் அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அந்தக் கறைதான் மிச்சம்.

இதற்கு நல்ல உதாரணம் ரஷ்யாவில் இருக்கிறது. சோவியத் படையின் மொசின் நகாந்த் துவக்கில் "பியூ" என்ற மூன்றரை மடங்குக் கண்ணாடியைப் பூட்டி ஸ்னைப்பர்கள் பாவித்தார்கள். போர் முடிந்ததும் இவ்வளவு ஸ்னைப்பர் துவக்குகள் எதற்கு என்று, பலவற்றின் கண்ணாடியைக் கழற்றி, தாங்கி பூட்டிய துளைகளை அடைத்து, சாதாரணத் துவக்காகக் களஞ்சியத்தில் போட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு அவை வெளிநாடுகளுக்கு விலைப்பட்டன. வாங்கியவர்களில் சிலர் அடைத்த துளைகளை மறுபடி துளைத்து, வேறெங்கோ கிடைத்த கண்ணாடியைப் பூட்டி, "பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன்" என்கிறார்கள்.

எந்தப் பழைய நிலைக்கு? அந்தத் துளைகளை அடைத்ததும் வரலாறுதானே. ஒரு நாடு போரை முடித்துக்கொண்டு, "இனி இந்த வேலைக்கு இது வேண்டாம்" என்று சொன்னதன் அடையாளம் அந்த அடைப்பு. அதைத் துளைத்து எடுத்தவர் 1943 ஐத் திரும்பக் கொண்டுவரவில்லை. சமாதானம் வந்த வருடத்தை அழித்துவிட்டார். பொருத்திய கண்ணாடியும் அதற்குரியது அல்ல. ஸனதும் போனது, சாட்சியும் போனது. மிஞ்சியது விலை மட்டும்.

கதைகளும் இப்படித்தான் புது மை பூசிக்கொள்கின்றன. ஸ்டாலின்கிராட்டில் போரிட்ட வசிலி ஸைட்செவ் உண்மையான ஆள். அவருடைய துவக்கு இன்றும் வொல்கோகிராட் நூதனசாலையில் இருக்கிறது. ஆனால் அவரைக் கொல்ல ஜெர்மனியிலிருந்து அனுப்பப்பட்ட பெரிய மேஜர் ஒருவரோடு நாள் கணக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சண்டை, 2001 இல் வந்த "எனிமி அட் த கேட்ஸ்" படத்தில் நம் பிள்ளைகள் பார்த்த அந்தச் சண்டை, நடந்ததா என்பதே சந்தேகம். ஸ்டாலின்கிராட் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய அன்டனி பீவர் அந்தக் கதையை ஏற்கவில்லை. அந்த மேஜருடைய கண்ணாடி என்று மொஸ்கோவில் ஒன்றைக் காட்டுகிறார்களாம். கண்ணாடி உண்மையான கண்ணாடியாகவே இருக்கலாம். அதன் பின்னால் உள்ள ஆள் இருந்தாரா என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயம். இதுதான் எனக்குப் பெரியது.

குழாய்க்கு இரண்டு முனைகள். சேகரிப்பவர்கள் ஒரு முனையைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். கண் வைக்கும் முனை. வில்லை, திருகி, இலக்கம், தோல் எல்லாம் அந்தப் பக்கம். மற்ற முனையில் ஒருவன் நின்றான். தேநீர் ஊற்றிக்கொண்டு, கடிதம் வாசித்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் உயர்த்தியவன். அவனுக்கும் ஓர் உம்மா இருந்தாள். முதல் உலகப் போரில் பிரித்தானியரின் ஸ்னைப்பர் பயிற்சியை ஒழுங்குபடுத்தியவர் ஹெஸ்கெத் பிரிச்சார்ட் என்ற அதிகாரி. வேட்டைக்காரர், பயணி, கிரிக்கெட் வீரர். 1916 இல் பிரான்சில் இதற்கென்று ஒரு பாடசாலையையே தொடங்கினார். போர்முனையில் இருந்த கண்ணாடிகளை அவர் பரிசோதித்தபோது, பல குறி பிசகிக் கிடந்தன. பாவிக்கத் தெரியாதவர்களின் கையில் கொடுத்திருந்தார்கள். சுடுவதைப் போலவே பார்ப்பதற்கும் பார்த்ததை எழுதுவதற்கும் அவர் பழக்கினார். அதற்காக ஸ்கொட்லாந்தின் மலைக்காடுகளில் மான் தேடிப் பழகிய காவலாட்களைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய வேலையில் உள்ள அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதெல்லாம் எதற்காக என்பதையும் மறக்கக் கூடாது.

ஐரோப்பாவில் ஒருவருக்கு இது எண்பது வருடத்துக்கு முந்திய விஷயமாக இருக்கலாம். எங்களுக்கு அப்படி அல்ல. 1983 தொடக்கம் 2009 வரை இந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு "சினைப்பர்" விளையாட்டில் வரும் சொல் அல்ல. வயலுக்குப் போன வாப்பா திரும்பி வராத வீடுகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. எந்தப் பக்கத்துச் சன்னம் என்று கேட்டு மையித்தைப் பிரிக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் பிறந்தது போருக்குப் பிறகு. அவர்கள் அந்தக் குழாயின் ஒரு முனையை மட்டும் போனில் பார்க்கிறார்கள். மற்ற முனையைக் காட்ட வேண்டியது நாம்தான். சகோதரனை நோக்கி ஓர் ஆயுதத்தை வேடிக்கைக்காக நீட்டுவதைக் கூட நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையின் ஆழம், போரைக் கண்ட ஊருக்கு விளங்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாவற்றையும் உருக்கிப் போட வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. அழித்தால் மறந்துவிடுவோம். பிரித்தானியாவின் லீட்ஸ் நகரத்தில் ரோயல் ஆமரீஸ் நூதனசாலை இருப்பதைப் போல, இவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். தனி ஆட்களிடம் இருப்பதிலும், அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால், எனக்கு மறுப்பில்லை. பெரிய நூதனசாலைகள் கவனிக்காத தகரக் கூட்டையும் தோல் மூடியையும் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். நான் கேட்பது மூன்று விஷயம். அழிவை நிறுத்தும் அளவுக்கு மட்டும் திருத்துங்கள். செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். இரண்டு முனையின் கதையையும் சொல்லுங்கள்.

அப்படிச் சொல்லக்கூடிய சாமான்கள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது இது. 1914 இல் போர் தொடங்கியபோது பிரித்தானியாவில் போதிய தொலைநோக்கிகள் இல்லை. அதற்கு வேண்டிய கண்ணாடியின் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து, அதிலும் முக்கியமாக ஜெர்மனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அப்போது ரொபர்ட்ஸ் பிரபு என்ற முதிய படைத்தளபதி பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் வீட்டில் உள்ள பைனாகுலர்களைப் படைக்கு இரவலாகத் தாருங்கள். குதிரைப் பந்தயம் பார்க்கவும் பறவை பார்க்கவும் வாங்கி வைத்ததையெல்லாம் மக்கள் அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கத்தைப் பொறித்துப் போர்முனைக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் நவம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். மகள் அந்த வேலையைத் தொடர்ந்தார். போர் முடிந்ததும் தப்பி வந்தவற்றைச் சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அமானிதம் என்ற சொல்லுக்கு நமக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த இலக்கம் பொறித்த பைனாகுலர் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், வாங்குபவர் அந்த இலக்கத்தை உரசி மினுக்கினால் என்ன செய்கிறார்? கொடுத்தவர் இன்னார், எடுத்தவர் இன்னார் என்ற சாட்சிப் பத்திரத்தைக் கிழிக்கிறார்.

இப்போது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நேராகச் சில வார்த்தைகள்.

பிரித்தானியாவில் துவக்குக்குத்தான் அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்ணாடியைக் கடையிலேயே வாங்கலாம். காணொளியில் வருபவர் பயமில்லாமல் மேசையில் பரப்பி வைத்திருப்பது அதனால்தான். அவருடைய நாடு அது. அமெரிக்காவிலோ துவக்குக் கண்ணாடியை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கே ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது. இங்கே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் இருக்கிறது. "விஞ்ஞானம் படிக்க எடுத்தேன்" என்று பதினைந்து வயதுப் பிள்ளை சொல்வதைச் சுங்கத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு எங்கள் வீடுகள் எப்படித் தேடப்பட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குசினிக் கத்திக்கும் கணக்குக் கேட்ட நாட்கள் அவை. உடுப்பில் அச்சடித்திருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து ஒரு சகோதரியைக் கைது செய்து வாரக்கணக்கில் மறியலில் வைத்தார்கள். சுக்கான் படத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு முஸ்லிம் பிள்ளையின் பெயருக்குப் பார்சலில் வரும் ஸ்னைப்பர் கண்ணாடிக்கு என்ன விளக்கம் சொல்வது? இது நியாயமா என்று கேட்டால், இல்லை. பக்கத்துத் தெருவில் வேறு பெயருள்ள பிள்ளை அதையே எடுத்திருந்தால் அவனை வேறு விதமாகப் பார்த்திருக்கக் கூடும் என்பது எனக்கும் கசக்கிறது. ஆனால் அந்த அநியாயத்தைத் திருத்தும் வேலையைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளையின் தோளில் ஏற்றக் கூடாது. அதற்குப் பெரியவர்கள் இருக்கிறோம். ஆகவே வேண்டாம் என்றால் வேண்டாம். உண்மையானதும் வேண்டாம், போலியும் வேண்டாம், "பெட்டி மட்டும்தானே" என்றும் வேண்டாம்.

பழைய படைச் சாமான் எதையும் கண்டால் வீட்டில் வைத்துச் சுரண்டவும் வேண்டாம். அந்தக் காலத்துத் திசைகாட்டிகளிலும் மானி முகப்புகளிலும் இருட்டில் ஒளிர்வதற்கு ரேடியம் கலந்த மை பூசினார்கள். அது இப்போது ஒளிராது. ஒளிரும் பொருள் செத்துவிட்டது. ஆனால் ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 வருடம். சுரண்டினால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும்.

சரி, அந்தப் பிள்ளையின் ஆசையை என்ன செய்வது? அதை அணைக்கக் கூடாது. ஒளி கண்ணிலிருந்து புறப்பட்டுப் பொருளைத் தொடுவதில்லை, பொருளிலிருந்துதான் கண்ணுக்கு வருகிறது என்று ஆயிரம் வருடத்துக்கு முன் கெய்ரோவில் இருந்து "கிதாபுல் மனாழிர்" எழுதிய இப்னுல் ஹைதம் நம் ஆள்தான் என்று மேடையில் பெருமை பேசுகிறோம். அவர் வழியில் ஒரு பிள்ளை வில்லையைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படும்போது "வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்த நான் எந்த வாயால் அந்தப் பெருமையைப் பேசுவது?

எங்கள் பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் பூஞ்சணம் பிடித்த நுணுக்குக்காட்டிகள் நான்கு கிடக்கின்றன. அவற்றில் உள்ள வில்லைகளும் நம்பர் 32 இல் உள்ள வில்லைகளும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்பட்டவை. ஊரில் எத்தனை வீட்டில் மூத்தவாப்பாவின் ரேடியோ, ஓடாத சுவர் மணிக்கூடு, வில்லை மங்கிய கெமரா இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழைய பள்ளிவாசல்களில் தொழுகை நேரம் காட்டிய ஊசல் மணிக்கூடுகள் எங்கே போயின? பல பழைய இரும்புக்குப் போய்விட்டன. யார் வாங்கிக் கொடுத்தது, எந்தக் கப்பலில் வந்தது, எந்த முஅத்தின் சாவி கொடுத்தார் என்று ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை. ஸனதைப் பற்றி உலகத்துக்குப் பாடம் சொன்ன சமூகம், தன் பள்ளிவாசல் மணிக்கூட்டின் ஸனதைத் தொலைத்துவிட்டு நிற்கிறது. அங்கே அந்த வெள்ளைக்காரன் ஒரு தகரக் கூட்டின் இலக்கத்தைத் தேடி வருடக்கணக்கில் அலைகிறான். அவனிடமிருந்து படிக்க வேண்டியது இந்தப் பிடிவாதத்தைத்தான்.

ஆகவே இன்ஷா அல்லாஹ், வருகிற சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு ஆய்வுகூடத்தைத் திறந்து வைக்கிறேன். முதலில் அந்த நான்கு நுணுக்குக்காட்டிகள். கழற்ற முன் நாலு பக்கமும் படம் எடுப்போம். ஒவ்வொரு திருகாணியையும் எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிய தாளில் வைப்போம். தேவைக்கு மேல் துடைக்க மாட்டோம், மை பூச மாட்டோம். என்ன செய்தோம், யார் செய்தார், எந்தத் திகதி என்று கொப்பியில் எழுதிக் கையொப்பம் இடுவோம். வீட்டில் பழைய சாமான் இருப்பவர்கள் அதைக் கொண்டுவருவதற்கு முன், அதைப் பற்றித் தெரிந்த வயதானவரிடம் உட்கார்ந்து கதை கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சாமான் காத்திருக்கும். அந்த வயதானவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

அந்தப் பிள்ளைக்கு இன்று மக்ரிபுக்குப் பிறகு நேரில் சொல்லிவிட்டேன். "கொப்பி நான் கொண்டுவரட்டுமா சேர்?" என்று கேட்டான். கொண்டுவரச் சொன்னேன்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பழைய மணிக்கூடு இன்னும் இருக்கிறதா? அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.